தொலைந்த ஊக்குகள்

களைத்துப்போனவளிடம் போய் உனக்கும் மரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் என்ன சொல்வாள்? நிழல் இருந்தால் போதும் என்பாள். பாண்டிமீனா அதைக்கூடச் சொல்லும் நிலையில் இல்லை.

பி.காம். முதலாம் ஆண்டு. இரவெல்லாம் நூல் மில்லில் வேலை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இந்த மிஷினுக்கும் அந்த மிஷினுக்கும் நடக்க வேண்டும். விடிந்ததும் ஹாஸ்டலில் குளித்து, ஆறிப்போன பொங்கலை நின்றபடியே விழுங்கிவிட்டு வேனில் ஏறுவாள். மில் வேன் பைபாஸில் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ்.

அந்த நேரத்துப் பஸ் எப்படி இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்களுக்குச் சொல்லி ஆகப்போவதும் இல்லை. அவள் வலது கையில் எப்போதும் ஓர் ஊக்கு இருக்கும். முனை விரித்து, விரல்களுக்கு நடுவில் வெளியே தெரியும்படி பிடித்திருப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊக்கை மடக்குவாள். கை மட்டும் அதை உள்ளே வைத்து மூடியபடியே இருக்கும். அது அப்படியே பழகிவிட்டது.

மில் மேனேஜர் தொடக்கத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார். "பாஸ் பண்ற வரைக்கும் படி, வேணாங்கல. ஒரு அரியர் விழுந்துச்சுன்னா காலேஜுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு முழுசா மில்லுக்கே வந்துரணும்."

கணக்குப் பாடங்கள் அவளுக்குப் பயமில்லை. சுற்றுச்சூழல் பாடம்தான் வம்பாக வந்து வாய்த்தது. நடத்தியவர் தாவரவியல் துறை சௌந்தரவல்லி மேடம். அவர் அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு எதையாவது செய்துவிட்டுப் போய்விடுவார். அது பதில்தானா என்று மாணவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள்.

முதல் வகுப்பிலேயே மேடம் சொன்னார். "காம்பவுண்டுக்குள்ள ஆளுக்கு ஒரு இடம் பிடிச்சுக்கங்க. மரமோ, குளமோ, புத்தோ, எதுவா இருந்தாலும் சரி. வாரம் ஒரு பீரியடு அங்க போய் இருங்க."

"என்ன எழுதணும் மேடம்?"

"எழுத வேண்டாம்."

"போட்டோ எடுத்து ஒட்டலாமா?"

"வேண்டாம்."

"அப்ப என்னதான் மேடம் செய்யணும்?"

"இருங்க."

பருவத்தின் கடைசி வகுப்பில் அவரவர் இடத்தில் நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உனக்கும் இதுக்கும் என்ன? இன்டர்னல் மார்க் முழுக்க அதற்குத்தான்.

ஆலமரத்துக்கு அடிதடியே நடந்தது. அல்லிக்குளத்தை மாணவிகள் ஒரு கூட்டமாகப் போய் வளைத்துக்கொண்டார்கள். கேண்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு புங்க மரம் நின்றது. அதை யாரும் கேட்கவில்லை. பாண்டிமீனா அதை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்று கௌரவமாகச் சொல்கிறேன். வகுப்பிலிருந்து அதுதான் பக்கம், அதற்கு மேல் நடக்கக் காலில் தெம்பில்லை.

முதல் வாரம் போய் உட்கார்ந்தாள். மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்தாள். பெல் அடித்தபோதுதான் கண் விழித்தாள்.

அடுத்த வாரம் முகம் கழுவிக்கொண்டு போனாள். தூங்கினாள். அதற்கடுத்த வாரம் டீ குடித்துவிட்டுப் போனாள். தூங்கினாள். உட்கார்ந்தால்தானே தூக்கம் என்று ஒரு வாரம் நின்றுகொண்டே பார்த்தாள். மரத்தில் சாய்ந்தவள் எப்போது சரிந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இதில் கையில் இருந்த ஊக்கு வேறு அடிக்கடி காணாமல் போனது. பெட்டிக்கடையில் புதிதாக வாங்கும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். ஒரு ஊக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, இதில் பட்டம் வேறு கேட்கிறது.

மரம் இலை உதிர்த்தது அவளுக்குத் தெரியாது. தளிர் விட்டதும் தெரியாது. பூ பூத்ததை, துப்பட்டாவில் ஒட்டியிருந்ததைத் தோழி ஃபர்ஹானா தட்டிவிட்டபோது தெரிந்துகொண்டாள்.

அப்படிப் பூத்த வாரத்தில்தான் திலீபன் அவளைப் படம் எடுத்தான். நல்லவன்தான், ஆனால் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் கை சும்மா இருக்காது. 'இயற்கையோடு ஒன்றிவிட்ட ஒரே மாணவி' என்று எழுதி, மேடமும் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். பாண்டிமீனாவிடம் போன் இல்லை. மில் ஹாஸ்டலில் விடுவதில்லை. அவள் வகுப்புக்குள் நுழையும்போது எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு என்று ஃபர்ஹானாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வாயைப் பொளந்துக்கிட்டா இருக்கேன்?"

"கொஞ்சம். நீ பாக்காதடீ. விடு."

அவள் பார்க்கவில்லை. ஊர் அறிய வெட்டவெளியில் மல்லாந்து கிடந்திருக்கிறோமே என்ற நினைப்பே போதுமாயிருந்தது. அவமானத்தில் காது சுட்டது. அன்று இரவு மிஷினுக்கு நடுவில் நடந்துகொண்டே அழுதாள். அந்தச் சத்தத்தில் அழுதால் ஒரு வசதி, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. மத்தவங்க எல்லாம் குருவிங்கிறாங்க, வாசனைங்கிறாங்க. நான் கல்லு மாதிரி இருக்கேன். இயற்கையே ஒட்டாத ஆளுங்களும் இருப்பாங்களா மேடம்?"

மேடம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் கண்ணிலும் தூக்கம் இருந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்ல மேடம். அது வந்து..."

மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதி எலுமிச்சம் சாதத்தை வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டார். பாண்டிமீனா சாப்பிட்டாள். சாதம் நன்றாக இருந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லையே என்று கோபமாகவும் இருந்தது. மூடியைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

விஷயத்தைக் கேட்ட ஃபர்ஹானா, "நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்குகிறவள். உட்கார்ந்த இடத்தில் அழகாக ஒன்றைத் தயாரித்துச் சொல்லிக்கொடுத்தாள். புங்கமே, நீ என் தாய். உன் மடியில் நான் உலகைக் கற்றேன். உன் ஒவ்வொரு இலையும் எனக்கு ஒரு பாடம். இப்படிப் போனது. பாண்டிமீனா மில்லில் நூல் ஒட்டிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தாள். மிஷின் சத்தத்தோடு சேர்ந்து அது நன்றாகவே பதிந்தது.

கடைசி வகுப்பு வந்தது. மேடம் முன்னால் நடக்க, வகுப்பு மொத்தமும் பின்னால் போனது. மேடத்துக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார்.

ஆலமரத்தடியில் திலீபன் நின்றான்.

"உனக்கும் இதுக்கும் என்ன?"

"இந்த ஆலமரம் என் நண்பன் மேடம். என் சோகங்களை எல்லாம் இதன் விழுதுகளிடம்தான் சொல்வேன்."

திலீபனுக்கு என்ன சோகம் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். மேடம், "சரி" என்றார்.

குளக்கரையில் ஒருத்தி, அல்லிகள் தன் தங்கைகள் என்றாள். "சரி." புற்றருகே ஒருவன், எறும்புகளிடம் உழைப்பைக் கற்றதாகச் சொன்னான். "சரி." வேம்பு ஒருவனுக்குக் குருவாக இருந்தது, பனை ஒருத்திக்குத் தாத்தாவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அதே சரிதான். சொல்லச் சொல்ல அந்தச் சரி இன்னும் கொஞ்சம் சோர்ந்துகொண்டே வந்தது.

கேண்டீனுக்குப் பின்னால் வந்தார்கள். புங்க மரம் தரையெங்கும் பொரி கொட்டியது போலப் பூவை உதிர்த்து வைத்திருந்தது. மேடம் மரத்தில் கையை ஊன்றி நின்றார்.

"உனக்கும் இதுக்கும் என்ன?"

பாண்டிமீனா தொண்டையைச் செருமினாள். "புங்கமே, நீ என் தாய். உன் மடியில் நான் உலகைக் கற்றேன்."

அடுத்த வரி நினைவில் இருந்தது. ஃபர்ஹானா உதட்டை அசைத்து எடுத்தும் கொடுத்தாள். ஆனால் பாண்டிமீனாவுக்கு வாய் வரவில்லை. வேலை போகாது, படிப்புப் போகும். போனால் போகட்டும் என்றிருந்தது. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"இது நான் சொல்றது இல்ல மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இங்க வந்து தூங்குனேன். ஒவ்வொரு வாரமும் தூங்குனேன். அவ்வளவுதான். எனக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல."

சிரிப்பு எழுந்தது. திலீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேடம் சரி சொல்லவில்லை.

"மில் ஹாஸ்டல்ல எப்படித் தூங்குவ?"

இது என்ன கேள்வி என்று எல்லோரும் பார்த்தார்கள். "தலையோட போத்திக்குவேன் மேடம். வார்டன் எந்த நேரம் டார்ச் அடிப்பாங்கன்னு தெரியாது. ஆளு வரலைன்னா எழுப்பி ஷிப்டுக்கு அனுப்பிருவாங்க."

"வீட்டுல?"

"அப்பா குடிச்சிட்டு வந்து படுக்குற வரைக்கும் நானும் அம்மாவும் முழிச்சுத்தான் இருப்போம்."

"பஸ்ல?"

"பஸ்லயா? பஸ்ல எப்படி மேடம் தூங்குறது?" பாண்டிமீனா மூடியிருந்த வலது கையைத் திறந்து காட்டினாள். ஊக்கு இருந்தது. அது எதற்கு என்று ஒரு பெண்ணும் கேட்கவில்லை. சிரிப்பு நின்றுபோனது.

மேடம் திலீபன் பக்கம் திரும்பினார். "அந்தப் படம் இருக்கா?"

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அது சும்மா வெளையாட்டுக்கு... இப்பவே அழிச்சிர்றேன்."

"அவகிட்ட குடு."

திலீபன் போனை நீட்டினான். பாண்டிமீனா வாங்கத் தயங்கினாள். அவளுக்குப் பார்க்க வேண்டாம். மேடம் காத்திருந்தார். அந்த முழங்காலோடு அவர் நிற்பதைப் பார்த்தாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

படத்தில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் பிளந்துதான் இருந்தது. துப்பட்டா ஒரு பக்கம் போயிருந்தது. முகத்தில் வெயில் சல்லடையாக விழுந்திருந்தது. பாண்டிமீனா தன் முகத்தை இப்படி ஒருநாளும் கண்டதில்லை. யாரோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது.

"கையப் பாரு" என்றார் மேடம்.

வலது கை தரையில் கிடந்தது. விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கையில் இரண்டு மூன்று புங்கம்பூக்கள் விழுந்திருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"ஊக்கு எங்க?"

பாண்டிமீனா படத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். மண்டியிட்டு, அவள் எப்போதும் படுக்கும் இடத்தில் பூவையும் சருகையும் விலக்கினாள். ஓர் ஊக்கு கிடைத்தது, பாதி துருப்பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விலக்கினாள். வேரிடுக்கில் இன்னொன்று. மண்ணுக்குள் முழுக்கத் துருவேறி ஒன்று. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. ஃபர்ஹானா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துருப்பிடித்த ஊக்குகளைக் கை நிறைய வைத்துக்கொண்டு பாண்டிமீனா நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"மேடம், கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலையே. மார்க்கு..."

"சொல்லிட்ட."

மேடம் மரத்திலிருந்து கையை எடுத்தார். அடுத்தது தோட்டத்து நெல்லி மரம். வழியைப் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கியவர், நின்று திரும்பினார்.

"பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு. படு."

பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தம் போடாம வாங்க."