கேப்டன் பால்தசார் மீசையில் கட்டிய பாலம்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. கேப்டன் பால்தசார் வாயைத் திறந்தா பொருத்தமாவது ஒண்ணாவது!

நான் பிளாஸ். ஸ்பெயின் தேசத்துல வில்லாசேக்கான்னு ஒரு வறண்ட ஊர்ல சவரக்கடை வச்சிருக்கேன். நெப்போலியன் படை நாட்டை விட்டுத் தொலைஞ்ச மறு வருஷம், இந்த மனுஷன் ஒரு நொண்டிக் கழுதை மேல வந்து காசில்டாவோட சத்திரத்துல இறங்கினாரு. முழ நீளத்துக்கு மீசை. காசில்டா சண்டையில புருஷனைப் பறிகொடுத்தவ. அவ கறி போட்டு வைக்கிற கொண்டைக்கடலை சூப்புக்காகன்னு சொல்லிக்கிட்டு, நான் நாலு வருஷமா தினம் அங்க போறேன். சூப்பு ஒரு சாக்கு. என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கத்தான் போவேன், கேக்காமலே சூப்பைக் குடிச்சுட்டு வந்துடுவேன். இவரு வந்த மாசமே கேட்டுட்டாரு! ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு அவளும் சொல்லிட்டா. வயிறு எரியாதா எனக்கு?

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சத்திரத்துல நானும், கோவேறு கழுதை ஓட்டுற தோமேயும் இருந்தோம். காசில்டா அடுப்புகிட்ட நின்னா. கேப்டன் மீசையை முறுக்கிக்கிட்டு ஆரம்பிச்சுட்டாரு.

"நான் பட்டாளத்துல சேர்ந்த அன்னிக்கே முதல் சண்டை. பிரெஞ்சுக்காரன் என்னைக் குறி பார்த்து பீரங்கிக் குண்டு போட்டான். தொப்பியைக் கழட்டி லபக்னு பிடிச்சேன். சூடு தாங்கல. சரி, வீணாப் போவானேன்னு அதுமேல நாலு முட்டையை உடைச்சு ஊத்திப் பொரிச்சுத் தின்னுட்டு, அடுத்தவன் பொருள் நமக்கெதுக்குன்னு திருப்பி வீசிட்டேன். அவனோட பீரங்கி வாய்க்குள்ளயே போய் விழுந்துச்சு. சாயங்காலமே என்னை லெப்டினன்ட் ஆக்கிட்டாங்க."

"உப்பு?"ன்னான் தோமே.

"என்ன உப்பு?"

"முட்டைக்கு."

"வெடிமருந்துல உப்பு இருக்குடா மடையா! குறுக்கே பேசாதே. அப்புறம் ஒரு மலைக்கோட்டை. சுவர் இடிஞ்சு கிடக்கு, விடிஞ்சா எதிரி உள்ளே வந்துடுவான். கல்லு இல்ல, மண்ணு இல்ல. பனிமூட்டம் மட்டும் கெட்டியா இறங்கியிருக்கு. வாளை உருவினேன். மூட்டத்தைச் செங்கல் செங்கலா அறுத்து அடுக்கிச் சுவர் எழுப்பிட்டேன். காலையில ஒரு குதிரைப்படை முழுசும் அதுல மண்டையை முட்டிக்கிட்டு விழுந்துச்சு. கேப்டன் ஆனேன்."

காசில்டா களுக்குன்னு சிரிச்சா. நாலு வருஷமா நான் சொன்ன எதுக்கும் அவ அப்படிச் சிரிச்சதில்ல.

"இவ்வளவு ஜெயிச்சிருக்கீங்க, அப்புறம் எப்படி கேப்டனய்யா அஞ்சு வருஷம் பிரெஞ்சுக்காரன் இங்க சம்மணம் போட்டு உக்காந்திருந்தான்?"ன்னு கேட்டேன்.

"நான் ஒருத்தன்தானேப்பா! வடக்கே ஜெயிச்சுட்டுத் தெற்கே வர்றதுக்குள்ள நம்ம பசங்க வடக்கைத் தோத்துடுறானுங்க."

"அப்ப ஜெனரல் ஆகலையா?"ன்னான் தோமே.

"கெஞ்சினாங்க. ஜெனரல் தொப்பி மீசைக்கு இடைஞ்சல்னு வேண்டாம்னுட்டேன். இந்த மீசை சாதாரண மீசைன்னு நினைச்சியா? ஒரு தடவை ஆத்துல வெள்ளம், பாலம் இல்ல, பின்னாடி எதிரி. ஒரு பக்கத்து மீசையை இக்கரை மரத்துல கட்டினேன். நீந்திப் போய் இன்னொரு பக்கத்தை அக்கரை மரத்துல கட்டினேன். முன்னூறு குதிரை, பீரங்கி வண்டி, சமையல் பாத்திரம் எல்லாம் மேல நடந்து போச்சு. நடுவுல என் மூஞ்சி இருந்துச்சே, அதை மட்டும் மிதிக்காம தாண்டிப் போங்கடான்னு சொல்லிட்டேன்."

காசில்டா கரண்டியைக் கீழ வச்சுட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. போச்சுடா, சரின்னு சொல்லிடப் போறாளேன்னு எனக்குப் பதறிப் போச்சு. ஜென்மத்துல நான் ஒரு பொய் சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னேன்.

"அந்த மீசையை நான் வழிச்சிருக்கேனே கேப்டனய்யா, மறந்துட்டீங்களா? நம்ம படை தோத்துச் சிதறின அன்னிக்கு என் கடைப் பின்வாசல்ல வந்து நின்னீங்களே! 'சீக்கிரம் வழிச்சுடப்பா, கன்னியாஸ்திரி உடுப்பு மாட்டிக்கிட்டுத் தப்பிக்கணும்'னு என் காலைப் பிடிச்சீங்களே!"

அத்தனையும் புளுகு. அந்த மனுஷனை நான் முதல் முதல்ல பார்த்ததே போன மாசம்தான்.

கேப்டன் துள்ளி எழுந்தாரு. மூஞ்சி மிளகாப்பழமாச் சிவந்துடுச்சு.

"அண்டப் புளுகன்டா நீ! நீயா வழிச்சே? எனக்கு வழிச்ச நாவிதன் ஒத்தைக் கண்ணன்! அது கன்னியாஸ்திரி உடுப்பும் இல்ல, சலவைக்காரி பாவாடை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது. தோமே பெஞ்சுலேருந்து உருண்டு விழுந்தான். எனக்கோ தலைகால் புரியல. குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லுல மாங்காயே விழுந்துடுச்சே!

காசில்டா சிரிக்கல. "நிஜமாவே ஓடினீங்களா?"ன்னு கேட்டா.

கேப்டன் மெதுவா உக்காந்தாரு. "ஓடினேன். என்கூட நின்ன பசங்க வரிசையா விழுந்தாங்க. அடுத்தது நான்தான். பயந்துட்டேன் காசில்டா. ஓடிட்டேன்." மீசை நுனியைத் தடவினாரு. அப்புறம் பழக்கதோஷம் விடுமா? "என்னை மாதிரி ஓடினவன் ஸ்பெயின்லயே கிடையாது. நான் காதிஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் என் நிழல் மூச்சு வாங்கிக்கிட்டு வந்துச்சு."

"பார்த்தியா காசில்டா? பயந்தாங்கொள்ளி!"ன்னேன். என் குரல்ல இருந்த சந்தோஷம் எனக்கே வெக்கமா இருந்துச்சு.

அவ ஒரு கிண்ணம் எடுத்து, அடியிலேருந்து கறியாப் பார்த்து அள்ளி ஊத்தி, கேப்டன் முன்னாடி வச்சா.

"எல்லாரும் ஓடினப்ப என் புருஷன் ஓடல. நின்னாரு. வீரன்னு சொல்லி ஊரே கோயில் மணி அடிச்சுது. அந்த மணிச் சத்தத்தோட நான் அஞ்சு வருஷமாத் தனியாப் படுத்துக்கிட்டு இருக்கேன். வீரன் பொண்டாட்டியா இருந்து பார்த்தாச்சு. இனிமே ஓடத் தெரிஞ்சவர் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன்."

அப்புறம் என் கிண்ணத்துல எட்டிப் பார்த்து, காலியா இருக்கேன்னு அதையும் நிரப்பினா.

"இன்னிக்குக் காலை வரைக்கும் இவருகிட்ட வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன், பிளாஸ். நல்லவேளை, நீ வாயைத் திறந்தே."