கைமாறிய சாற்றுப் பானை

முன்னொரு காலத்திலே மருதங்காட்டுச் சீமையைச் செண்டலங்கார பூபதி என்று ஒரு ராஜா கட்டி ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் நினைத்தால் ஒரு சட்டம், தும்மினால் ஒரு சட்டம்! ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டவருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. அவ்வளவுதான். "இனி என் சீமையில் கத்திரிச் செடியே கூடாது. கத்திரிக்காய் வைத்திருப்பவன் எவனானாலும் கழுதைமேல் ஏறி எல்லை தாண்டட்டும்!" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

அரண்மனைத் தானியக் கிடங்குக்கு அதிகாரி பெத்தபெருமாள். அவருக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, மந்திரி ஆதிமூலத்தின் பதவி. மற்றது, எண்ணெயில் வதக்கிய கத்திரிக்காய். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு வழி வைத்திருந்தார். தன் வீட்டுக் கொல்லையில், ஆமணக்குச் செடிகளின் மறைவில், நாலு கத்திரிச் செடி!

அந்த வருஷம் ஏரி நிரம்பியது. ஏரி நிரம்பினால் மருதங்காட்டில் கூட்டுப் பந்தி நடக்கும். வீட்டுக்கு ஒரு பானை காய்கறிச் சாறு கொதிக்கக் கொதிக்கக் கரைக்கு வரும். ராஜா முதல் வண்ணான் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து, பகிர்ந்து குடிப்பார்கள். பெத்தபெருமாள் மட்டும் ஒரு வருஷமும் உட்கார்ந்ததில்லை. "கண்டவனோடு நான் சாறு குடிப்பதாவது!" என்று வேலைக்காரனிடம் பானையைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இந்தத் தடவை அவரே வந்தார். சும்மா வருவாரா? எல்லோரும் ஏரியில் முழுக்குப் போடப் போன நேரம் பார்த்து, மந்திரியின் பானைக் கட்டை அறுத்து, அவித்த பிஞ்சுக் கத்திரிக்காய் ஐந்தைக் காம்போடு உள்ளே போட்டு, வாழையிலையால் மூடி வேறு நாரால் கட்டிவிட்டார். 'ராஜா பார்க்கட்டும். மந்திரி கழுதைமேல் ஏறட்டும். அந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் காணத்தானே வந்தேன்!' என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார்.

முழுகி எழுந்து வந்த மந்திரி, தன் பானையைத் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டிப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். "அடடே, அதிகாரியார் இன்றைக்கு எங்களோடு உட்காருகிறாரா! என்ன பாக்கியம்! இங்கே வாருங்கள், என் வலப்பக்கம்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ராஜா கைதட்டினார். "உம், பானைகள் கைமாறட்டும்!"

மந்திரி தன் பானையைத் தூக்கிப் பெத்தபெருமாள் மடியில் வைத்தார்.

"எ... என்ன இது?"

"வழக்கம்தானே ஐயா! தன் பானையைத் தானே பரிமாறக்கூடாது, வலப்பக்கத்தாரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் முதல் வாய் குடித்துவிட்டு மற்றவருக்கு ஊற்றுவார். அதன்பிறகு அந்தப் பானைக்கு அவர்தான் பொறுப்பு. தங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதே! உட்கார்ந்திருந்தால் அல்லவா தெரியும்! பெத்தபெருமாள் பானையை மடியிலிருந்து தள்ளப் பார்த்தார்.

"ஓய், முதல் அகப்பை எனக்கு. சீக்கிரம் குடித்துவிட்டு ஊற்றும்!" என்றார் ராஜா.

"மகாராஜா, எனக்கு... வயிற்றுவலி..."

"மிளகு தட்டிப் போட்ட சாறு. குடியும், வலி பறந்துவிடும்!"

குடித்தால் அவர் கையில் கத்திரிக்காய். ஊற்றினால் ராஜாவின் இலையில் கத்திரிக்காய். பெத்தபெருமாள் துள்ளி எழுந்தார். "மகாராஜா, மோசம்! இதில் கத்திரிக்காய் இருக்கிறது! மந்திரி ராஜதுரோகி!"

பந்தியே திடுக்கிட்டது. தூக்கிய அகப்பைகள் தூக்கியபடியே நின்றன. ராஜா பானையையே உற்றுப் பார்த்தார்.

"கட்டுகூட இன்னும் அவிழ்க்கவில்லையே ஐயா?" என்றார் மந்திரி மெல்ல.

ராஜாவே வந்து இலையைப் பிய்த்துப்போட்டு அகப்பையால் துழாவினார். பூசணி வந்தது, அவரை வந்தது, முருங்கை வந்தது, வாழைக்காய் வந்தது. "எங்கே ஓய் கத்திரிக்காய்?"

பெத்தபெருமாள் அகப்பையைப் பிடுங்கி அடிவரை கிளறினார். "இல்லையே! ஐயோ, எங்கே போச்சு? காம்போடு ஐந்து போட்டேனே! இதே கையால் போட்டேனே!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீர் போட்டீரா!" ராஜா திகைத்துப்போய் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி நாரை முடிந்தால் அவிழ்க்கவே முடியாது மகாராஜா, அறுக்கத்தான் வேண்டும்" என்றார் மந்திரி. "குளித்துவிட்டு வந்து பார்த்தால், இழுத்ததும் அவிழ்கிற பூ முடிச்சுப் போட்டிருந்தது. திறந்து பார்த்ததும் எனக்கே பகீரென்றது. ஐந்தையும் எடுத்து வண்டிமாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதன் வாயை முகர்ந்தால் இன்னும் வாசனை வரும்."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "அது சரி. என் சீமையில்தான் கத்திரிச் செடியே கிடையாதே. உமக்கு ஏது ஓய் ஐந்து காய்?"

பெத்தபெருமாள் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? சொல்லிவிடுங்கள் ஐயா" என்றார் மந்திரி.

"கொல்லையில்... நாலே செடி... மகாராஜா!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் பெத்தபெருமாள்.

"கொண்டுவா கழுதையை!" என்று ராஜா கத்தினார். கழுதையும் வந்தது. "அந்த நாலு செடியையும் வேரோடு தோண்டி, வேரில் மண் உதிராமல் இதன்மேல் ஏற்று. பத்திரமாக ஓட்டிப்போய் அரண்மனைத் தோட்டத்தில் நடு!"

எல்லோரும் வாய் பிளந்தார்கள். மந்திரிகூட இதை எதிர்பார்க்கவில்லை.

"என்ன பார்க்கிறீர்கள்? சட்டம் போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிட்டது. வாய் ஏங்கியதுதான் நிற்கவில்லை. போட்ட சட்டத்தை எப்படி எடுப்பதென்று வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தேன். இன்றோடு அது ஒழிந்தது!" என்றார் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

பெத்தபெருமாளுக்குத் தண்டனை என்ன தெரியுமா? ஏரி நிரம்பும்போதெல்லாம் அவர் கையாலேயே கத்திரிக்காய்ச் சாறு வைத்து, அவரே சுமந்து வந்து, பந்தியின் கடைசி ஆள்வரை குனிந்து ஊற்றவேண்டும். முதல் வருஷமே பானை காலியாகிவிட்டது, அவருக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.