பச்சைக் கோடு போட்ட வீடுகள்

ஓர் ஊரில் தேர்தல் நடந்து முடிந்தது. பதினொன்றாம் வார்டில் நின்ற செண்பகவல்லி நாற்பது ஓட்டில் தோற்றுப்போனார்.

ஒரு வாரம் கழித்து, தேர்தல் அலுவலகமாக வைத்திருந்த வாடகைக் கடையைக் காலி செய்ய வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு அரசியலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு. ஆனால் எதையும் எடுத்து வைக்கக் கை ஓடவில்லை. சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

உள்ளே இருந்த பொருள்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"என்மேல் பழி போடாதீர்கள்" என்றது ஒலிபெருக்கி. "பதினாலு நாள் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. இந்தக் கொடிதான் ஒழுங்காகப் பறக்கவில்லை."

"காற்றே இல்லாத ஊரில் நான் எப்படிப் பறப்பது?" என்று சீறியது கொடி. "பேனரைக் கேள். அக்கா முகத்தைவிட மாவட்டச் செயலாளர் முகம்தான் அதில் பெரிசு!"

"என்னை அச்சடிக்கச் சொன்னவரைக் கேள்" என்று மூலையில் சுருண்டபடியே முனகியது பேனர்.

வாக்காளர் பட்டியல் மட்டும் மேசைமேல் மிடுக்காக இருந்தது. "என்னிடம் ஒரு குறையும் இல்லை. எழுபது வீடுகளுக்குப் பச்சைக் கோடு போட்டிருக்கிறது. அத்தனையும் நம்ம வீடு. அதெல்லாம் எங்கே போய்விடும்?"

அப்போதுதான் அவர் காலில் இருந்த செருப்பு வாயைத் திறந்தது.

"ஓட்டுக் கேட்கப் போன வீட்டு வாசலில் எல்லாம் அக்கா என்னைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். எதிர்க்கட்சிக்காரர் வாசலில் மூன்று தடவை கிடந்தேன். ஒரு தடவை நாய்கூடத் தூக்கிக்கொண்டு போனது. பச்சைக் கோடு போட்ட வாசல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை."

பட்டியலின் குரல் இறங்கிவிட்டது. "நம்ம வீடுதானே, அங்கே எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று..."

"கல்யாணத்துக்குத் தாய்மாமனைக்கூட நேரில் போய்த்தானே அழைக்கிறோம்? நம்ம ஆள்தானே என்று விட்டுப் பாருங்கள். முதலில் முறுக்கிக்கொள்வது அவர்தான்" என்றது செருப்பு.

தோற்றவர்களுக்குப் பொருள்கள் பேசுவதுகூடக் கேட்கும். ஜெயித்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. செண்பகவல்லி நடையை நிறுத்தினார். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நானும் வரட்டுமா?" என்றது ஒலிபெருக்கி.

"நீ வேண்டாம். நீ வந்தால் மற்றவர்கள் பேசுவது காதில் விழாது" என்றார் செண்பகவல்லி.

முதல் பச்சைக் கோடு பாக்கியத்தம்மாள் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னம்மா, தேர்தல்தான் முடிஞ்சுபோச்சே? இப்ப எதுக்கு வந்தே?"

"அப்பவே வந்திருக்கணும் அக்கா. வராம விட்டது என் தப்பு."

"வந்திருந்தா எங்க வீட்டு அஞ்சு ஓட்டும் உனக்குத்தான். வீடு தேடி வந்து ஒரு வார்த்தை கேக்காதவளுக்கு எதுக்குப் போடணும்னு ஒருத்தரும் ஓட்டுப் போடவே போகல."

செண்பகவல்லிக்கு அவமானமாக இருந்தது. தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டத் திரும்பினார்.

"எங்க கிளம்பிட்ட? குழாயில தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு. உள்ள வந்து உக்காந்து எழுதிக்க" என்றாள் பாக்கியத்தம்மாள். "ஜெயிச்சவர் இன்னும் இந்தப் பக்கமே வரல."