மணலுக்கு அடியில் ஒரு சுவர்

ஒரு சுவரைக் கட்டியது யார் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், சுவரையா போய்க் கேட்க முடியும்? இந்தக் கதையில் அதைத்தான் கேட்டார்கள். நீங்களும் கேளுங்கள். பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டாம், மண்ணைப் பாருங்கள்.

தாமிரபரணிக்குத் தெற்கே சோடாக்கடை நல்லகண்ணுவின் தோப்பு. சாகும்போது அவர், “நான் கட்டுன சுவருக்குக் கெழக்க மவளுக்கு, மேக்க மவனுக்கு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அதற்கு வெகுகாலம் முன்பே குளம் உடைந்து, வெள்ளம் கொண்டுவந்த மணலில் சுவர் புதைந்து போயிருந்தது. தோப்பில் கிணறு ஒன்றே ஒன்று. அதற்கும் கிழக்கேதான் சுவர் இருந்தது என்று மகன் சுடலைமுத்து வேலி போட்டுக்கொண்டார். அக்கா பேச்சித்தாய் குடிக்கிற தண்ணீருக்கும் தம்பி முகத்தைப் பார்த்து நின்றாள். சொந்த அப்பன் தோப்பில் இப்படி நிற்பதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

அந்தத் தோப்பில் பழைய பானை ஓடுகள் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு அகழாய்வுக்காரர்கள் வந்தார்கள். கிணற்றுக்கு மேற்கே குழி வெட்டியபோது ஒரு கல்வரிசை தலை காட்டியது. அப்பா கட்டியது அதுதான் என்றால் கிணறு அக்காவுக்கு.

அகழாய்வுக்குத் தலைவர் வில்லியம் துரைராஜ். கல்லுக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்தன. “பானைக்கு ரெண்டாயிரம் வருஷம். சுவருக்கும் அதே வயசுதான்” என்றார். கல்லை ஒட்டி ஒரு சோடா பாட்டில் கோலியும் கிடைத்தது. “எலி வளை வழியா விழுந்திருக்கும்” என்று அதை ஒதுக்கி வைத்தார். தேடிவந்தது கிடைத்துவிட்டால் மனிதனுக்கு மற்றது எதுவும் கண்ணில் படாது.

சுடலைமுத்து வேறு கதை சொன்னார். “வெள்ளத்துக்குப் பெறவு ஆட்டுப்பட்டிக்கு நான் கட்டுனதுல்லா அது. தோப்புக்குக் கொளத்து வண்டல அடிச்சேன், சுவரு மூடிப்போச்சு.”

பேச்சித்தாய், “எங்கப்பா கட்டுனது” என்று மட்டும் சொன்னாள். சாட்சிக்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

மண் அடுக்குகளை வரைகிறவள் மும்தாஜ். குழியின் பக்கவாட்டை வழவழவென்று சீவி, தண்ணீர் தெளித்தாள். நிறங்கள் எழுந்து வந்தன. மேலே வண்டல். அதன் கீழே வெள்ளம் விட்டுப்போன வெள்ளை மணல், தூங்குகிறவர்மேல் போர்த்திய போர்வை மாதிரி கற்களின் தலைக்குமேல் எங்கும் அறுபடாமல் ஓடியது. மணலுக்குக் கீழே செம்மண். அதற்கும் கீழே, பானை ஓடுகள் கிடந்த கரிசல். கல்வரிசையின் இரு பக்கமும், செம்மண்ணின் மேல்மட்டத்திலிருந்து கரிசலுக்குள் இறங்கும் ஒரு பட்டை மட்டும் செம்மண்ணும் கரிசலும் கலந்து கிடந்தது. கோலி கிடைத்தது அந்தப் பட்டையின் அடியில். எலி வளை எதுவும் தென்படவில்லை.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது உண்மை?

விடை: பேச்சித்தாய் சொன்னதே உண்மை. கலந்த மண் என்பது, வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டிக் கல் வைத்தபின் திரும்பத் தள்ளிய மண். அந்தப் பள்ளம் செம்மண்ணையும் கரிசலையும் வெட்டிக்கொண்டு இறங்குவதால், சுவர் பானைகளுக்குப் பிந்தியது. ஒரே ஆழத்தில் கிடப்பதெல்லாம் ஒரே காலம் ஆகிவிடாது. பள்ளத்தின் அடியில் சோடா கோலி கிடந்தால் அது ராஜா காலத்துச் சுவரும் அல்ல. வெள்ளத்துக்குப் பிறகு கட்டியிருந்தால் வானம் மணலை வெட்டியிருக்கும். மணலோ சுவருக்கு மேல் முழுசாகக் கிடக்கிறது.

சுடலைமுத்து அந்தக் கோலியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு போய், தானே வேலிக் கம்பியை அவிழ்த்துவிட்டு வந்தார்.

“இது ஏங் கோலிதான்க்கா. அப்பா கல்லு வைக்கும்போது வானத்துல விழுந்துட்டு. அன்னைக்கு அப்பிடி அழுதேன்.”

“தெரியும்லே” என்றாள் பேச்சித்தாய். “நான் புடுங்கி வச்சிக்கிட்டேன்னு சொல்லித்தான அழுத? அடி வாங்குனது நான்லா.”