காலியாக்கிய சாலை

"இன்னொரு ஊருக்குக் கூப்பிடறாங்கம்மா. போகட்டுமா, வேண்டாமா?"

தணிகாசலம் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

அவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாநகரத்துக்கு முதல் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியைக் கூட்டி வந்தவர். அது வந்ததும் மற்ற கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன.

உலகம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சிறியவர். குன்றடியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் சின்ன மடம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களோடு பேசுவார். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்பதுதான் பாதி வேலை. தணிகாசலம் பல வருஷமாக அவரிடம் வருகிறார்.

"எதுக்குக் கூப்பிடறாங்க ஐயா?"

"வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க வியாழக்கிழமை இடம் பாக்க வர்றாங்களாம். இங்க செஞ்ச மாதிரியே அங்கயும் செஞ்சு குடுக்கணுமாம்."

"இங்க என்ன செஞ்சீங்க?"

தணிகாசலத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. பதவி போனாலும் முதுகு மறப்பதில்லை.

"ஏர்போர்ட்லேர்ந்து கம்பெனிக்குப் பாத்து வச்ச இடம் வரைக்கும் ரோட்டைக் காலி பண்ணினேன். குறுக்குத் தெருவுல எல்லாம் தடுப்பு. சிக்னல் எல்லாம் பச்சை. பள்ளத்துக்கெல்லாம் முந்தின நாளே தார் ஊத்தியாச்சு. கார் சும்மா வழுக்கிக்கிட்டுப் போச்சு. கம்பெனித் தலைவர் வாட்ச்சைப் பாத்தார். 'இவ்வளவு சீக்கிரமா வந்துட்டோமா'ன்னார். அங்கயே முடிவாயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் நீங்களே பாக்கறீங்களே. எத்தனை கட்டடம், எத்தனை லட்சம் பேருக்கு வேலை! என் பொண்ணே அங்கதான் இருக்கா. இன்னைக்கு நாட்டுலயே முன்னணி ஊர்."

"நல்லதுதானே. போய்ட்டு வாங்க."

தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

"போன தை மாசம் எங்கக்கா தவறிட்டாங்க."

உலகம்மை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் ஒரே தம்பி. பொறந்த வீட்டுக் கோடி நான்தானே போர்த்தணும்? புடவை எடுத்துக்கிட்டு கார்ல ஏறினேன். அதே ரோடு. ஆபீஸ் விடற நேரம். மடியில புடவையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வண்டி அசையல. அத்தான் போன் மேல போன் பண்றார். 'இருட்டறதுக்குள்ள எடுத்தாகணும், எங்கப்பா இருக்கே?'ங்கறார்."

அவர் தன் வெறும் மடியைப் பார்த்தார்.

"நான் போனப்ப வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. வாசல்லாம் ஈரம். பொறந்த வீட்டுத் துணி இல்லாமயே அனுப்பிட்டாங்கம்மா."

தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நான் ஒரு தடவை அந்த ரோட்டைக் காலியா பாத்திருக்கேன். அதை நினைச்சா வயிறு எரியுது."

"அன்னைக்கு அதுல போக வேண்டியவங்க எங்க இருந்தாங்க?"

"தடுப்புக்கு அந்தப் பக்கம்."

"யார் யாரு?"

"அது எப்படிம்மா தெரியும்? நான் கார்லதானே இருந்தேன்."

உலகம்மை எழுந்தார்.

"வாங்க ஐயா."

வாசல் பக்கம் போகவில்லை. கூடத்தின் பின்கதவுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் தணிகாசலம் அந்தக் கதவு திறந்து பார்த்ததில்லை.

உலகம்மை அதைத் திறந்தார்.

வெயிலில் ஒரு கூட்டம் நின்றது. ஒருவர் துண்டைத் தலையில் போட்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண், நின்றபடியே லேப்டாப் பையில் தலைசாய்த்திருந்தாள். கடைசியில் ஓர் அம்மாள், தோளில் தூங்கும் குழந்தையோடு, பஸ் வரும் ரோட்டைப் பார்த்தபடி. முன்னால் ஒரு கயிறு. கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு மடத்துக் காரியஸ்தர் கோதண்டபாணி.

தணிகாசலத்தைப் பார்த்ததும் கோதண்டபாணி பதறிப்போய்க் கும்பிட்டார்.

"இவங்க ஏன் இங்க நிக்கறாங்க?"

"உங்க கார் இந்தத் தெருவுல திரும்பினதும் கோதண்டபாணி எல்லாரையும் பின்பக்கம் அனுப்பிடுவார்," என்றார் உலகம்மை.

"இன்னைக்கா?"

"எப்பவும்."

"நான் சொல்லவே இல்லையேம்மா!"

"சொல்லல. ரெண்டாவது தடவை வந்தப்ப, இங்க எவ்வளவு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்டீங்க. அது அவர் காதுல விழுந்துது."

தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"பெரிய மனுஷர் ஒருத்தர் தேடி வர்றது எனக்கும் பிடிச்சிருந்துது," என்றார் உலகம்மை. அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது. "நானே போய் அந்தக் கயித்தை அவுத்திருக்கணும்."

தணிகாசலம் படியிறங்கினார். கயிற்றின் கீழே குனிந்து போனார். வரிசையின் கடைசியில், குழந்தையோடு நின்ற அம்மாளின் பின்னால் போய் நின்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அந்த இன்னொரு ஊரிலிருந்து ஓர் அதிகாரி.

"சார், வியாழக்கிழமைக்கு எந்தெந்தத் தெருவை அடைக்கணும்னு சொன்னீங்கன்னா, இப்பவே போலீசுக்குச் சொல்லிடலாம்."

"எதையும் அடைக்காதீங்க தம்பி."

"ட்ராஃபிக்ல மாட்டிக்குவாங்களே சார். அப்புறம் வேற ஊரைப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"போனாலும் போகலாம்."

"நம்ம பசங்களுக்கு வேலை சார்..."

தான் சொன்னது சரியா என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. போனை அணைத்துவிட்டார்.

முன்னால் நின்ற அம்மாள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"புதுசா வர்றீங்களா ஐயா? இப்போதைக்கு விட மாட்டாங்க. எனக்கு பஸ்ஸே போயிடுச்சு. உள்ள யாரோ பெரியவராம். அவர் வெளிய வந்தாத்தான் நாம போகலாமாம்."

"வந்துட்டாரும்மா," என்றார் தணிகாசலம். "நீங்க போங்க."