குன்றிமணி பொறுக்கிய அணில்

காட்டோடை ஒன்று வற்றி, வெறும் வெள்ளை மணலாகக் கிடந்தது. இந்தக் கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சியில் ஒரு குரங்கு. எதிர்க்கரையில் மான் கூட்டம்.

எங்கே புதுப் புல் முளைத்தாலும் குரங்கின் கண்ணில்தான் முதலில் படும். உடனே மரப்பொந்தில் கைவிட்டு ஒரு பிடி குன்றிமணியை அள்ளி மணலில் வீசும். புல் முளைத்ததற்கு அதுதான் சேதி. சிவப்பைக் கண்டதும் மான்கள் துள்ளிக் குதிக்கும். அந்த நேரம் ஓர் அணில் ஓடிவந்து, மணிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் பொந்தில் சேர்க்கும். மணல் வெறுமையானதும் மான்கள் அடங்கி, குரங்கு கைகாட்டிய பக்கம் மேயப் போகும்.

நல்ல வேலைதான். ஆனால் அணிலை யாரும் பாராட்டவில்லை. ஒரு நரி இதைக் கவனித்தது.

"தம்பி, மானுங்க உன்னப் பத்தி என்ன பேசுதுங்க தெரியுமா? சந்தோஷம் வர்றப்பவே வாரிட்டுப் போற திருட்டுப் பயலாம் நீ!"

"நானா? அய்யோ!" அணிலுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கவலைப்படாதே. இந்தப் பழத்தைக் கடி, மானுங்க உன்னக் கொண்டாடும்!"

அது மூக்குச்சளிப் பழம். கடித்ததும் பிசின்போல் வாயில் அப்பிக்கொண்டது. குன்றிமணி உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிட்டது! அன்று குரங்கு வீசிய மணிகள் மணலிலேயே கிடந்தன. மான்கள் பொழுது சாயும்வரை குதித்தன.

"இன்னைக்கு அணிலு தங்கமான பிள்ளை!" என்றது ஒரு தாய்மான்.

அந்த ஒரு வார்த்தைக்கு அணில் மயங்கிப்போனது. மறுநாள் அதுவே நரியைத் தேடிப் போனது. நரி வேறொரு பழம் தந்தது. அதைத் தின்றதும் அணிலுக்குத் திசையே மாறிப்போனது. மணலிலிருந்து பொந்துக்கு ஓடவேண்டியது, பொந்திலிருந்து மணலுக்கு ஓடியது! சேமித்த மணியையெல்லாம் மணலில் கொட்டியது.

புல்லே முளைக்கவில்லை. ஆனாலும் மான்கள் மூன்று நாள் குதித்தன. மேயவில்லை, படுக்கவில்லை. தாய்மானின் மடி வற்றியது. அதன் குட்டி பால் கேட்டுக் கத்தியது. நரி பட்டப்பகலில் வந்து குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. பெற்றவளோ, சிவப்பைப் பார்த்துக் குதித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கால் ஓய்ந்து விழுந்தபோதுதான் குட்டியைத் தேடினாள். தள்ளாடியபடி ஓடையைக் கடந்து அணிலிடம் வந்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அணிலு, நெஜமாவே புல்லு முளைச்சிருந்துச்சா?"

"இல்லக்கா."

"என் குட்டி கத்தினது உனக்காவது கேட்டுச்சா?"

அணில் தலையைத் தொங்கப் போட்டது. கேட்டிருந்தது. வாய் நிறைய மணி இருந்ததால் நிற்கவில்லை. அதை எப்படிச் சொல்வது?

பிறகு மழை வந்தது. கிழக்கே உண்மையாகவே புல் முளைத்தது. குரங்கு ஆவலோடு பொந்தில் கைவிட்டது. பொந்து காலி! மான்களும் மணலுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தன. எத்தனை சிவப்பு கிடந்தாலும் இப்போது அவற்றுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அணில் சேற்றைக் கிளறி மணிகளைத் தேடியது. ஒன்று, இன்னொன்று என்று நாள்கணக்கில் பொந்தில் சேர்த்தது. நரி பழத்தோடு வந்தது. அணில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மணல் சுத்தமானதும் குரங்கு மூன்றே மூன்று மணியை வீசியது.

எந்த மானும் துள்ளவில்லை. தாய்மான் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அணிலால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே அந்த மூன்று மணியையும் பொறுக்கிக்கொண்டு போனது.

நம் மூளைக்குள்ளும் மகிழ்ச்சியின் சேதி சொல்லும் மணிகளை, சேதி சொன்னதும் வாரி எடுத்துவைக்கும் அணில்கள் உண்டு. அவற்றின் வாயை அடைக்கிற, திசையைத் திருப்புகிற போதையைத் தொட்டவன், பொய் மகிழ்ச்சியில் குதித்துக் குதித்தே மெய்யான மகிழ்ச்சியை இழப்பான்.