கற்றாழைக்கு இரண்டடி தள்ளி ஒரு குழாய்

பொட்டல்மேட்டு நகரில் முப்பத்தாறு வீடு. குடிநீர்க் குழாய் ஒன்றே ஒன்று. மரகதத்தக்கா விடிந்ததும் நான்கு குடத்தோடு போய் நின்றாலும், முறை வருவதற்குள் உலை வைக்கும் நேரம் தாண்டிவிடும். ஆகவே, ஒரு மாதம் தண்ணீரே விடாமல் பூங்காவைப் பச்சையாக வைத்திருந்தால் இன்னொரு குழாய் போட்டுத் தருவதாகக் குடிநீர் அதிகாரி சொன்னதும், அதிகம் துள்ளியது அவர்தான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஞானதிரவியம் அன்றே புல்தரையைப் பெயர்த்துவிட்டு, கற்றாழையும் அரளியும் வாங்கி வைத்தார். வறட்சியைத் தாங்குகிற செடி, தண்ணீரே ஆகாது என்று நர்சரிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். நம் ஆட்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள்.

மறுநாள் காலையில் கற்றாழை மடலில் பனித்துளி. உடனே கூட்டம் கூடியது. பனி தண்ணீரில் சேருமா என்று செயலாளர் ஆண்டியப்பன் கேட்டார். தலைவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் மடல் மடலாகத் துண்டால் துடைப்பது மரகதத்தக்காவின் பொறுப்பு. துடைத்து முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். ஒரு மாதம்தானே என்று இரவல் தண்ணீரில் சோறாக்கினார்.

ஒருநாள் தெருநாய் அரளிப் பக்கம் காலைத் தூக்கியது. பொருளாளர் பாய்ந்து நாயை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் வேட்டி போயிற்று, செடி தப்பித்தது.

இருபத்தொன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மழை. ஊரெல்லாம் அண்டா குண்டாவை வாசலில் வைத்தார்கள். இவர்களோ, தங்கள் வீட்டுக் கூரைமேல் போட்டிருந்த தார்ப்பாய்களை உருவி வந்து பூங்காவுக்கு மேல் பிடித்தார்கள். வீடுகள் ஒழுகின; கற்றாழை நனையவில்லை. தார்ப்பாயில் தேங்கியதைக் குடம் குடமாக மொண்டு சாக்கடையில் ஊற்றினார்கள்.

"வீட்டுக்குக் கொண்டுபோனா என்னக்கா? குடிக்க ஆகுமே" என்றார் ஆண்டியப்பன்.

"பூங்காவுக்கு வந்த தண்ணிய நாம எடுத்துக்கிட்டா, பூங்கா தண்ணி வாங்குச்சுன்னு ஆயிரும். பேசாம ஊத்துங்க."

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் ஊற்றினார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஊரே சேறாகக் கிடக்க, பூங்கா மண் மட்டும் புழுதியாகப் பறந்தது. மனிதர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் புதுக் குழாய் வந்துவிட்டது. பூங்கா மூலையில், கற்றாழைக்கு இரண்டடி தள்ளி நட்டிருந்தார்கள்.

மரகதத்தக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முதல் குடத்தை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். குடத்தை வைத்தார், குழாயில் கை வைத்தார், கற்றாழையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, திறந்தா செடி மேல தெறிக்குமே."

தலைவர் குழாய்க்கும் கற்றாழைக்கும் இடையே சாண் போட்டு அளந்தார். பிறகு குழாயைச் சாக்கால் இறுக்கிச் சுற்றி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தார். மரகதத்தக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, குடங்களைத் தூக்கிக்கொண்டு பழைய குழாய்க்கு ஓடினார். இப்போது அங்கே இன்னும் நேரமாகிறது. புதுக் குழாயை யாரும் திறந்துவிடாமல் காவல் காக்கிற நால்வருக்கும் சேர்த்து அவர்தானே தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது.